ஆபீசுக்குப் போனவர்

என் வீட்டுக்காரர் ஜெகதீஷுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, நடிகர் பைத்தியம்கூடக் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம்தான். இங்கிலீஷ்காரன் பாட்டு. பாட்டு என்று அவர் சொல்வார், இரைச்சல் என்று நான் சொல்வேன். நாங்கள் பிறப்பதற்கு முன்னால், தலைமுடி வளர்த்த நாலைந்து பேர் ஏதோ ஒரு சீமையில் திறந்த மைதானத்தில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் நின்று பாடியதை அப்படியே பதிவு செய்த கேசட் அது. கம்பெனியில் கூட வேலை பார்த்த ஆஞ்சப்பன், பெங்களூருக்கு மாறிப் போகும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். இவருக்கு ஒரு வரி புரியாது. ஆனாலும் ஷிப்ட் முடிந்து வந்து அதைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தால் சோறு ஆறிப் போவதுகூடத் தெரியாது.

"அந்த மனுசனுவ மூஞ்சிய ஒரு தடவ பாத்துரணும் ரஞ்சிதா" என்பார்.

பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள், சம்பந்தம் பேசப் போகிறீர்களா என்று கேட்பேன். அந்தப் பைத்தியம் எங்கள் சோற்றில் மண்ணைப் போடும் என்று அப்போது யார் கண்டது?

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். கம்பெனியில் வேலை நிறுத்தம். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி. வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு ஆண்கள் உட்கார்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. காரணம், எங்கள் லைன் வீட்டில் பக்கத்து வாசலில் குடியிருக்கும் திம்மராயன். பிரஸ் மெஷின் அவர் வலது கை விரல்களை வாங்கிவிட்டது. மெஷினில் கோளாறு இருக்கிறது என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கம்பெனிக்காரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விரல்கள் போன பிறகு, கவனக்குறைவு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அன்றைக்கு அந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தன் மெஷினை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டு முதலில் நின்றது என் வீட்டுக்காரர்தான். மற்ற மெஷின்கள் அதற்குப் பிறகுதான் நின்றன. சங்கத்தின் செயலாளர் என் சொந்த அண்ணன் முத்துக்குமார். ஆனாலும் பந்தலில் எல்லோரும் முகம் பார்த்தது இவரைத்தான். இவர் உட்கார்ந்திருக்கும் வரை மற்றவர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு நாள் காலையில் நான் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. சாவியை நீட்டினாள் திம்மராயன் சம்சாரம் சென்னம்மா.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். சென்னம்மா அக்கா இந்த மண்ணில் பிறந்தவள். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கன்னடத்தில் பேச மாட்டாள். எங்களுக்குப் புரியாதே என்று எல்லாவற்றையும் தமிழாக்கித்தான் சொல்வாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

"ரஞ்சிதம்மா, உங்க வூட்டுக்காரரு ஆபீசுக்குப் போறேன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னாரு. தேய்ச்ச சட்டையெல்லாம் போட்டுக்கினு போனாரு."

"எந்த ஆபீசுக்கு அக்கா?"

"நம்ம கம்பெனி ஆபீசாத்தான் இருக்கும். வேற ஏது ஆபீசு?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வூட்டவரு விசயமா அதிகாரிங்ககிட்ட பேசப் போயிருப்பாரு. உன் புருசன் சாமி மாதிரி."

சங்கத்தைக் கூட்டாமல் இவர் எதற்குத் தனியாக ஆபீசுக்குப் போகிறார் என்று எனக்கு ஒரு நெருடல். அடுப்பைக்கூடப் பற்ற வைக்கவில்லை, அதற்குள் அண்ணனின் வண்டி சத்தம் வாசலில் கேட்டது.

"மாப்ள எங்க?"

அவன் முகம் வெளுத்திருந்தது. வண்டியைவிட்டு இறங்காமலே சொன்னான். "கேட்ல நோட்டீசு ஒட்டிட்டானுவ. இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆபீசுக்கு வந்து, 'செஞ்சது தப்பு, இனிமே மெஷின நிறுத்த மாட்டேன்'னு கையெழுத்துப் போட்டா வேல. இல்லன்னா எல்லாரையும் டிஸ்மிஸாம். ஒருத்தனும் போகக் கூடாது. மாப்ள வந்து ரெண்டு வார்த்த பேசினா பயலுவ கலையாம இருப்பானுவ. சீக்கிரம் கூப்பிடு."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வாசலிலிருந்து சென்னம்மா அக்கா உற்சாகமாகச் சொல்லிவிட்டாள். "ஜெகதீசண்ணா ஆபீசுக்குப் போயிருக்காரே! காலையிலயே போயிட்டாரு."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"காலையிலயேவா? நோட்டீசு ஒட்டுனதே இப்பத்தான. அப்போ அவனுக்கு முன்னாடியே சேதி வந்திருக்கு."

"ஏண்ணே, என்ன பேச்சு பேசுத? அவுக அப்படிப்பட்டவுகளா?"

"அப்படிப்பட்டவன் இல்லன்னா எங்க போனாம்னு நீ சொல்லு. பொண்டாட்டி நீ, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. உள்ளே ஓடிப் பார்த்தேன். ஆணியில் எப்போதும் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையைக் காணவில்லை. பெட்டிமேல் மடித்து வைத்திருந்த நல்ல சட்டையும் இல்லை. வெறும் கையோடு வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்தே அண்ணன் புரிந்துகொண்டான். காறித் துப்பிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

வீட்டில் இருக்க முடியவில்லை. பந்தலுக்குப் போனேன். எனக்கு முன்னால் சேதி போயிருந்தது. வழக்கமாக, 'வாங்க மதினி' என்று பாயை இழுத்துப் போடுகிறவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வெல்டிங்கில் இருந்தவரின் மனைவி வினோதா மட்டும் நேராகவே கேட்டாள்.

"பந்தல் போட்டவரே பந்தலைப் பிரிச்சிட்டாரா? எவ்ளோ நாளா பேசி வெச்சிருந்தாரு?"

"வாய அடக்கிப் பேசு வினோதா. அவுக வந்து சொல்லட்டும்."

"வரட்டும், வரட்டும். உள்ளருந்துதானே வரணும்."

அண்ணன் கேட் அருகே போய்க் காவல்காரனிடம், ஜெகதீஷ் உள்ளே இருக்கிறானா என்று கேட்டான். சொல்ல உத்தரவில்லை என்றான் அவன். சற்று நேரத்தில் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அண்ணன் அவரிடமும் கேட்டான். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நல்ல பிள்ளைங்க வந்துட்டுத்தான் இருக்காங்க. உங்களுக்கும் குடும்பம் இருக்கு, யோசிங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். படுபாவி. அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

பந்தலில் திம்மராயன் மட்டும், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஜெகதீசு போயிருக்க மாட்டான்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கென்று உட்கார்ந்தவர்களுக்கே அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகிவிட்டது.

உச்சி வெயிலில் முதல் ஆள் எழுந்தான். சிறுநீர் கழிக்கப் போகிறவன் மாதிரி பந்தலுக்குப் பின்னால் போய், மதிலை ஒட்டியே நடந்து, கேட்டுக்குள் நுழைந்துவிட்டான். எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் ஏசவில்லை. பிறகு இரண்டு பேர் சேர்ந்து போனார்கள். அதற்குப் பிறகு ஒளிவு மறைவு எதுவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, சாலையைக் குறுக்கே கடந்து போனார்கள். ஜெகதீஷே போய்விட்டான், நமக்கென்ன என்று அவர்கள் மனதில் ஓடுவது எனக்குக் காதில் விழாத குறைதான்.

அண்ணன் முதலில் கத்தினான், பிறகு கெஞ்சினான், கடைசியில் பாயில் உட்கார்ந்துவிட்டான். பந்தல் பாதிக்கு மேல் காலியான பிறகு அவனும் எழுந்தான்.

"அண்ணே, நீயுமா?"

"யாருக்கு நான் செயலாளரா இருக்க? வெறும் பாய்க்கா?" அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. "உன் புருசன் போனப்பவே எல்லாம் முடிஞ்சு போச்சு. என்னைய ஒண்ணும் கேக்காத."

அவன் போனதும் மிச்சம் இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். வினோதாவின் புருஷனும் போனார். அவரை அனுப்பிவிட்டு அவள் என்னிடம் வந்தாள். இந்த முறை அவள் குரலில் காரமே இல்லை.

"கோச்சுக்காத ரஞ்சிதா. காலையில ஏதோ பேசிட்டேன். உங்க வூட்டுக்காரரு வழி காட்டலன்னா எங்க வூட்டுது வெறச்சிக்கினு உக்காந்தே இருக்கும். புள்ளைங்க வயிறு காஞ்சிருக்கும். உனக்குப் புண்ணியம்."

காலையில் அவள் ஏசியதைத் தாங்கிக்கொண்டேன். இந்தப் புண்ணியத்தைத் தாங்க முடியவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. எழுந்து விறுவிறுவென்று பெரிய ரோட்டுக்கு நடந்தேன். வீட்டுக்குப் போகிறேனா, பஸ் ஏறி ஊருக்கே போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இவரோடு இனி ஒரு பாயில் படுக்க முடியுமா என்று மட்டும் யோசித்தேன். முடியாது என்றுதான் தோன்றியது.

மூக்கண்டப்பள்ளி ஸ்டாப்பில் ஒரு பெங்களூர் பஸ் நின்றது. அதிலிருந்து குதித்து இறங்கினார் என் வீட்டுக்காரர். தேய்த்த சட்டை கசங்கியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு களை. உதடு ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"ஏ ரஞ்சிதா! எனக்காகவா வந்து நிக்க?"

"எங்க போயிருந்தீங்க?"

"பெங்களூருக்கு. அக்கா சொல்லலியா? ஆஞ்சப்பன் டிக்கெட்டு எடுத்து வச்சிட்டுச் சொல்லி அனுப்பியிருந்தான். முன்னாடியே சொன்னா நீ ஏசுவன்னுதான் சொல்லல. நம்ம கேசட்டு இருக்குல்லா, அந்தக் கச்சேரிய அந்தக் காலத்துலயே முழுசா படம் புடிச்சு வச்சிருக்கானுவ. இன்னைக்கு ஒரே ஒரு ஷோ, பெரிய தேட்டர்ல." மூச்சு விடாமல் பேசினார். "அந்தப் பாடுதவன் இருக்கான் பாரு, ரெண்டாவது பக்கத்துல ஒரு பாட்டுக்கு நடுவுல நிறுத்துவானே, மூச்சு வாங்குத மாதிரி? நான் இத்தன வருசமா மூச்சு வாங்குதாம்னுதான் நெனச்சேன். அவன் அழுதிருக்கான் ரஞ்சிதா! அத்தன சனத்துக்கு முன்னாடி நின்னு அழுதிருக்கான். கூட வாசிக்கவன் கிட்ட வந்து, வாசிச்சிக்கிட்டே அவன் தோள்ல தோளை ஒட்டி நிக்கான். கேசட்ல இதெல்லாம் தெரியுமா? காதால மட்டும் கேட்டா என்ன தெரியும்?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"ஆபீசுக்குப் போறதால்ல அக்காகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கீங்க?"

"ஆபீசா? நான் எப்ப ஆபீசுன்னு சொன்னேன்? கச்சேரிக்குப் போறேன், ரஞ்சிதாகிட்ட சொல்லிருங்கன்னேன். ஸ்டிரைக்கு நேரத்துல படத்துக்குப் போறேன்னு சொன்னா நாலு பேரு சிரிப்பான்லா? அதான் கச்சேரின்னேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திம்மராயனின் சான்றிதழுக்காக அலைந்தபோதெல்லாம் சென்னம்மா அக்கா தன் புருஷனிடம், தாலூக்கா கச்சேரி, தாலூக்கா கச்சேரி என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கன்னடத்தில் கச்சேரி என்றால் ஆபீஸ். இவர் சொன்ன சொல்லை அவள் தன் பாஷையில் வாங்கி, எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று தமிழாக்கி, ஆபீஸ் என்று கொடுத்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டீஸ், அண்ணன், அதிகாரியின் சிரிப்பு, ஒவ்வொருவராக எழுந்து போனது. கேட்கக் கேட்க அவர் முகத்தில் இருந்த களை வடிந்துகொண்டே போனது. அடையாள அட்டை எங்கே என்று கேட்டேன். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். பார்டரில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தால் காட்டுவதற்கு எடுத்துப் போனாராம். பிறகு ஓட ஆரம்பித்தார். நானும் பின்னால் ஓடினேன்.

பந்தலில் திம்மராயன் ஒருவர்தான் இருந்தார். புருஷனுக்குச் சோறு கொண்டு வந்த சென்னம்மா அக்கா, தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி, காலிப் பாய்களைப் பார்த்து மலைத்துப்போய் நின்றாள். எதிரே கம்பெனிக் கேட் இன்னும் திறந்திருந்தது. உள்ளே கையெழுத்துப் போட்டவர்கள் கும்பலாக நின்றார்கள். ரோட்டுப் பக்கமிருந்து ஓடி வருகிற இவரைப் பார்த்ததும் அந்தக் கும்பலில் ஒரு சலசலப்பு. அண்ணன் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டான்.

"நீ உள்ள இல்லியா? எங்கருந்து வார?"

"நான் உள்ளயே போகல மச்சான்."

"போகலியா?" அண்ணனின் குரல் உடைந்தது. "நீ போயிட்டன்னுதானல அத்தன பேரும் போனோம்! நான் போனேன்! அப்போ உன்னைய ஆபீசுக்குப் போனாம்னு சொன்னது யாரு?"

யார் என்று அவனுக்கே தெரியும். எல்லோருக்கும் தெரியும். கேட்டுக்குள் நின்ற கும்பலின் பார்வை மொத்தமாகச் சென்னம்மா பக்கம் திரும்பியது.

"அந்தப் பொம்பள பொய் சொல்லிருக்கா!" என்றது ஒரு குரல்.

"கம்பெனிக்காரன் சொல்லிக் கொடுத்திருப்பான். புருசனுக்கு ஏதாச்சும் தர்றேன்னு சொல்லிருப்பான்."

"கன்னடக்காரிய நம்பினோம்லா, நமக்கு வேணும்."

காவிரித் தகராறு ஓயாத அந்தச் சமயம் ஓசூரில் அந்த மாதிரிப் பேச்சு எதில் போய் முடியும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கள் வெட்கத்தை இறக்கி வைக்க அவர்களுக்கு ஒரு தலை தேவைப்பட்டது. இரண்டு மூன்று பேர் கேட்டைத் தாண்டி வந்தார்கள். சென்னம்மா அக்கா தூக்குவாளியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அய்யோ, நான் ஏன் பொய் சொல்லப் போறேன்? அண்ணாதான சொன்னாரு! அண்ணா, நீங்களே சொல்லுங்கண்ணா!"

அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும். கச்சேரி. அந்த ஒரு சொல்லில் என் புருஷன் பேர் சுத்தமாகிவிடும். ஆனால் வேலை நிறுத்தம் முறிந்தது சென்னம்மாவின் நாக்கால் என்பதும் அதே சொல்லில் தெரிந்துவிடும். தெரியாமல் செய்தாள் என்று அந்தக் கும்பலில் எவன் கேட்பான்? யாருக்காக எல்லோரும் உட்கார்ந்தார்களோ அவர் வீட்டுக்காரியே உடைத்தாள் என்றுதான் பேசுவார்கள். அவளே அதைக் கேட்டால் உயிரோடு இருப்பாளா என்று எனக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது.

அவர் திம்மராயனின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"அக்கா பொய் சொல்லல" என்றார். "நான்தான் சொன்னேன். ஆபீசுக்குத்தான் கெளம்பினேன். பாதி வழியில மனசு வரல. அங்க இங்க சுத்திட்டுத் திரும்பி வந்துட்டேன்."

வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அண்ணன் இவரை மேலும் கீழும் பார்த்தான்.

"அப்போ கையெழுத்துப் போடணும்னுதான் போயிருக்க."

"ஆமா மச்சான்."

"சீ!" என்றான் அண்ணன். பிறகு என்னைப் பார்த்தான். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன். "சரி, தொலையுது. இன்னும் கேட்ட அடைக்கல. வந்து போட்டுட்டுப் போ. எந் தங்கச்சிக்குச் சோறு வேணும்லா?"

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அவர் முதுகில் கையை வைத்து, போங்கள், எல்லோரும் போட்டாகிவிட்டது, நீங்கள் மட்டும் யாருக்காக என்று தள்ளிவிடத் தோன்றியது. கையைத் தூக்கவும் செய்தேன். அவர் திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் எனக்கு இரண்டு செய்தி இருந்தது. தள்ளாதே, வாயைத் திறக்காதே.

"நீங்க போங்க மச்சான். நேரமாச்சு" என்றார்.

அண்ணன் போனான். காவல்காரன் கேட்டை இழுத்துச் சாத்தினான். திம்மராயன் பாயில் தள்ளி உட்கார்ந்து இவருக்கு இடம் விட்டார். சென்னம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"போகலாமா வேணாமான்னு தடுமாறிட்டீங்களாண்ணா? பரவால்ல. மனுசன்னா தடுமாறத்தான் செய்வான். எங்களுக்காகத் திரும்பி வந்தீங்களே" என்றாள்.

என் புருஷனை மன்னிக்கிறாளாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். என் மணிக்கட்டை மட்டும் விடவேயில்லை.

மூக்கண்டப்பள்ளியில் இன்றைக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அந்த ஸ்டிரைக்கை உடைத்தது யார் என்றால் ஜெகதீஷ் பேரைத்தான் சொல்வார்கள். கையெழுத்துப் போடாமல் வேலையை விட்டவன் அவன் ஒருவன்தான் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொல்வார்கள். குழாயடியில் வினோதா அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு துடிக்கும். குடத்தைப் பிடித்தபடி பக்கத்தில் சென்னம்மா அக்கா நிற்பாள். "விடும்மா, பழைய கதை. அவரு நல்லவருதான்" என்று எனக்காக அவளிடம் பரிந்து பேசுவாள். நான் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடுவேன்.